லைசென்ஸ் அண்ணி பேரில்

“உங்களுக்கு வெக்கமா இல்லையாம்மா?”

சந்திரகலா விசாரணையை இப்படித்தான் ஆரம்பித்தாள். ரெஸ்டாரண்டுகளுக்கு லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரி அவள். கொடுத்ததைப் பிடுங்கவும் அதிகாரம் உண்டு. இன்றைக்குப் பிடுங்கியே தீருவது என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுத்தான் ஸ்கூட்டியை எடுத்திருந்தாள்.

எதிரே பிரிஸ்கில்லா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயது இருக்கும். லைசென்ஸ் அவள் பேரில். பக்கத்தில் கால்மேல் கால் போட்டபடி மரிய அருண், அவள் கணவரின் தம்பி.

“பதினோரு மனு வந்திருக்கு. ஸ்பீக்கர் அலறுற அலறல்ல தெருவுல ஒரு கொழந்த தூங்க முடியல. வாராவாரம் அடிதடி. சத்தத்தக் கொஞ்சம் கொறைங்கன்னு சொன்னதுக்கு, உங்க சமையல்காரர், மண்ணாங்கட்டின்னு பேரு, அவர் தலையில எவனோ ஒரு கஸ்டமர் பாட்டிலால அடிச்சிருக்கான். ஏழு தையல்.”

“சின்னக் கீறல் மேடம்,” என்றான் அருண். “அவனே கம்ப்ளைண்ட் குடுக்கல.”

“நான் உங்களக் கேக்கல. லைசென்ஸ் யார் பேர்ல இருக்கோ, அவங்களக் கேக்குறேன்.”

“அண்ணிக்கு என்னா மேடம் தெரியும்? எங்க அண்ணன் யூஜின் இருந்தவரைக்கும் அது மீன் சாப்பாட்டுக் கடை. அவர் போனப்புறம் நான்தான் நடத்துறேன். அண்ணி எனக்குப் பவர் எழுதிக் குடுத்துட்டாங்க. பத்து வருஷ அக்ரிமெண்ட். இப்ப அவங்களே நெனைச்சாலும் நான் சம்மதிக்காம லைசென்ஸத் திருப்பிக் குடுக்க முடியாது. தங்கறது எங்க வீட்டு மாடியில. சாப்பாடு, துணிமணி எல்லாம் நாங்க பாத்துக்குறோம். இல்ல அண்ணி?”

பிரிஸ்கில்லா தலையாட்டினாள்.

சந்திரகலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேரை மட்டும் கொடுத்துவிட்டு, ஊரான் மண்டை உடைந்தால் எனக்கென்ன என்று மாடியில் உட்கார்ந்து சாப்பிடுகிற ஜென்மம்.

“வாயத் தொறந்து ஏதாவது சொல்லப் போறீங்களா இல்லையா?”

“இன்னைக்கே முடிச்சிடுங்க மேடம்,” என்றாள் பிரிஸ்கில்லா. “தள்ளிப் போடாதீங்க.”

அவ்வளவுதான் பேசினாள். அதிகாரியையே அவசரப்படுத்துகிறாளே என்று சந்திரகலாவுக்கு இன்னும் எரிந்தது.

அருண் காலை மாற்றிப் போட்டுக்கொண்டான். “ஒண்ணு கேக்குறேன் மேடம். பதினொண்ணும் மொட்டைக் கடுதாசி. பேர் கெடையாது, அட்ரஸ் கெடையாது. இத வச்சுக்கிட்டு எப்படி நடவடிக்கை எடுப்பீங்க?”

எழுதியது யார் என்று ஆபீஸில் எல்லோருக்கும் ஒரு யூகம் இருந்தது. மனுக்களில் ஏழு என்ற எண் வருகிற இடமெல்லாம், அதன் நடுவில் குட்டியாய் ஒரு குறுக்குக்கோடு. புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் அப்படித்தான் போடுவார்கள். “யாரோ சொல்தா மேடம். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்குற பெரியவரு. அவர் யாருக்கும் பயப்பட மாட்டாரு,” என்று கிளார்க் பாவாடை சார் அடித்துச் சொல்லியிருந்தார்.

“பேர் இல்லைங்கறதாலதான் நானே நேர்ல போனேன்,” என்றாள் சந்திரகலா. “சனிக்கிழமை உங்க கடை வாசல்லயே நின்னு மீட்டர் வச்சு சத்தத்த அளந்தேன். அப்புறம் கனகசெட்டிக்குளத்துல மண்ணாங்கட்டி வீட்டுக்கே போயி, தலையில போட்ட கட்டப் பாத்தேன். ஆஸ்பத்திரி சீட்டும் வாங்கிட்டேன். ஏழுன்னா ஏழு தையல்தான். கடுதாசியில ஒரு வரி பொய் இல்ல. லைசென்ஸ் ரத்து.”

அருணின் கால் தரைக்கு வந்தது.

“எவன் எழுதுனான்? அந்தக் கடுதாசிங்களக் காட்டுங்க. எழுத்தப் பாத்தாலே ஆளப் புடிச்சிடுவேன். அப்புறம் அவன் அந்தத் தெருவுல எப்படி இருக்கான்னு பாக்குறேன்.”

பென்ஷன் பெரியவரை இவனால் என்ன செய்துவிட முடியும் என்று சந்திரகலாவுக்கு ஒரு தைரியம்.

“தாராளமாப் பாருங்க. மொதல்ல உங்க அண்ணி ஆர்டர வாங்கிக்கிட்டுக் கையெழுத்துப் போடட்டும்.”

பிரிஸ்கில்லா எழுந்து வந்தாள். ரெஜிஸ்டரில் அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டு, கீழே தேதியும் எழுதினாள்.

பக்கத்தில் நின்ற பாவாடை மனுக்களை எடுத்து அருணிடம் நீட்டினார். ரெஜிஸ்டரைத் தன் பக்கம் திருப்பிய சந்திரகலா, சட்டென்று எட்டி அவற்றைப் பிடுங்கிக்கொண்டாள்.

“காட்ட முடியாது.”

“இப்பத்தான தாராளமாப் பாருங்கன்னீங்க?”

“இப்ப முடியாதுங்கறேன். ரத்து பண்ணது நான். கோவம் இருந்தா என்மேல காட்டுங்க. எந்தக் கோர்ட்டுக்கு வேணும்னாலும் போங்க, வந்து பதில் சொல்றேன். கெளம்புங்க.”

அருண் கதவை அறைந்துவிட்டுப் போனான். பின்னாலேயே போன பிரிஸ்கில்லா வாசலில் ஒரு நொடி நின்றாள். திரும்பிக் கை கூப்பினாள். போய்விட்டாள்.

சந்திரகலா மனுக்களை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

“அந்தம்மாவ வாய்க்கு வந்தபடி பேசிட்டேன் பாவாடை சார்.”

“பேசுனா என்ன மேடம்? லைசென்ஸ் அவங்க பேர்லதான இருந்துச்சு?”

அவள் ரெஜிஸ்டரை அவர் பக்கம் தள்ளினாள்.

பிரிஸ்கில்லாவின் கையெழுத்துக்குக் கீழே 17.7 என்று தேதி. இரண்டு ஏழுக்கும் நடுவில், குட்டியாய் ஒரு குறுக்குக்கோடு.