ஐம்பது ‘வருந்துகிறோம்’

“நாப்பத்தொம்பது! நல்லாப் பாத்துக்குங்கக்கா. இன்னும் ஒண்ணே ஒண்ணுதான்!”

ரெய்னோ ஒரு கறுப்புப் பொத்தானைத் தன் ஊறுகாய் ஜாடிக்குள் போட்டான். நூலகத்தில் இருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“மெதுவாடா,” என்றாள் காரினா. “இன்னிக்கு யாரு வருந்துனாங்க?”

“ஒரு பாலே நடனக் குழு. ‘தங்களைச் சேர்த்துக்கொள்ள இயலாததற்கு வருந்துகிறோம்.’ எவ்வளவு மரியாதை பாருங்க.”

“நூத்திப் பத்துக் கிலோ உடம்பை வெச்சுக்கிட்டு நீ பாலே ஆடப் போறியா?”

“எடை இவ்வளவுதான் இருக்கணும்னு விளம்பரத்துல போடலையே.”

காரினா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் ஜாடியில் நாற்பத்தேழு பொத்தான்கள்.

செப்டம்பரில் கனடாவின் தண்டர் பே நகரக் காகித ஆலை தன் ஆய்வகத்தை மூடியது. இருபத்திரண்டு வருட வேலை ஒரு வெள்ளிக்கிழமை மதியம் முடிந்துபோனது. அப்போது அவளுக்கு ஐம்பத்தோரு வயது. ஆறு வாரம் சோபாவை விட்டு எழவில்லை. குளிக்கக்கூடத் தோன்றவில்லை. வீட்டில் ஹீட்டர் பழுதான அன்று குளிர் தாங்காமல்தான் நூலகத்துக்கு வந்தாள்.

ஜன்னலோர மேஜையில் இந்தத் தாடிக்காரன் உட்கார்ந்திருந்தான்.

“வேலை போயிடுச்சாக்கா? எனக்கும் போச்சு. தானியக் கிடங்குல இருந்தேன்.” எங்கிருந்தோ ஒரு காலி ஜாடியை எடுத்து அவள் பக்கம் தள்ளினான். “போட்டி வெச்சுக்கலாமா? ஒவ்வொரு ‘வருந்துகிறோம்’க்கும் ஒரு பொத்தான். முதல்ல ஐம்பது சேக்கறவங்க ஜெயிச்சாங்க. நடுவுல யாருக்காவது வேலை கெடைச்சுட்டா அவங்க தோத்தாங்க. தோத்தவங்க ஒரு பெட்டி பெர்சியன் பன் வாங்கித் தரணும்.”

இன்னும் சில விதிகள் இருந்தன. பத்திலிருந்து பன்னிரண்டு வரைதான் விண்ணப்பம். அதற்குப் பிறகு மின்னஞ்சலைத் திறக்கக் கூடாது. மதியம் உறைந்த ஏரிக்கரையில் பனிச்சறுக்கு, புதன்கிழமை சவுனா என்னும் நீராவிக் குளியல். பன்னிரண்டு அடித்தால் அவனே அவளுடைய மடிக்கணினியை மூடிவிட்டுச் சாப்பிடக் கிளம்பிவிடுவான்.

முதல் ‘வருந்துகிறோம்’ வந்தபோது அழுதாள். பத்தாவதுக்குக் கைதட்டினாள். முப்பதாவது வந்த அன்று சவுனாவில் இருந்த பெண்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டாள்.

இன்று காலை வந்த கடிதத்தில்தான் அந்த வார்த்தை இல்லை.

“என்னக்கா, ஜாடியையே பாத்துக்கிட்டு இருக்கீங்க? தோத்துடுவோம்னு பயமா?”

சொல்லிவிட வேண்டியதுதான். ஆனால் இவன்? நாளை முதல் இந்த மேஜையில் தனியாக உட்கார்வான். ஒருநாள் வருவதையும் நிறுத்திவிடுவான். சோபா எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியும். இவனிடம் ஜாடியைத் தள்ள யார் இருக்கிறார்கள்?

காரினா நாற்காலிக்கு அடியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். திறந்தாள். இளஞ்சிவப்புச் சர்க்கரை பூசிய பன்னிரண்டு பெர்சியன்கள்.

ரெய்னோ பெட்டியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

“தோத்துட்டேன்டா,” என்றாள். “குடிநீர் நிலையத்து ஆய்வகம். திங்கக்கிழமை சேரணும்.”

அவன் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. “அக்கா தோத்துட்டாங்க!” என்று கத்தினான். முன்மேஜையில் இருந்த நூலகர் ஐலா, “ரெய்னோ!” என்று ஓர் அதட்டல் போட்டாள். ஆனாலும் முதல் பெர்சியனை எடுத்தது அவள்தான்.

“நீ என்னடா பண்ணுவே?” என்றாள் காரினா.

“ஒரு பெட்டி பெர்சியன் இருக்கு. எனக்கு என்ன குறை?” தாடியெல்லாம் சர்க்கரை.

“விளையாடாதே. நாளையிலேருந்து தனியாத்தானே உக்காருவே?”

“யாராவது வருவாங்கக்கா. நீங்க வரலையா?”

பத்து நாள் கழித்து மதிய இடைவேளையில் காரினா நூலகத்துக்கு ஓடி வந்தாள். கையில் ஒரு விண்ணப்பப் படிவம்.

ஜன்னலோரத்தில் ரெய்னோவின் எதிரே ஒரு புதிய ஆள். சவரம் செய்யாத முகம். இந்தப் பனியிலும் காலில் வீட்டுச் செருப்பு. ரெய்னோ அவர் பக்கம் ஒரு காலி ஜாடியைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

“எனக்கும் போச்சு சார். தானியக் கிடங்குல இருந்தேன். போட்டி வெச்சுக்கலாமா?”

அந்த ஆளின் உதட்டோரம் லேசாக அசைந்தது. இப்போது குறுக்கே போகக் கூடாது. காரினா சத்தமில்லாமல் முன்மேஜைக்கு நகர்ந்தாள்.

“ஐலா, இதை ரெய்னோகிட்டக் குடுத்துடறீங்களா? எங்க நிலையத்துல பம்ப் பாத்துக்க ஆள் எடுக்கறாங்க. நானே மேலதிகாரிகிட்டப் பேசிட்டேன். பாவம், எத்தனை நாள்தான் அவனும் இப்படியே உக்காந்திருப்பான்?”

ஐலா படிவத்தை வாங்கிப் படித்தாள். அவள் முகம் மாறியது.

“ஏம்மா, உங்களுக்கு நாங்க என்ன கெடுதல் பண்ணோம்? எங்க ஆளையே தூக்கிட்டுப் போகப் பாக்கறீங்க!”

“உங்க... ஆளா?”

ஐலா குனிந்து கீழ் அலமாரியைத் திறந்தாள். உள்ளே பொத்தான் நிரம்பிய பதினான்கு ஜாடிகள். மூடிகளில் பதினான்கு பெயர்கள். கடைசி மூடியில் ரெய்னோவின் கோணல் கையெழுத்தில் ‘காரினா அக்கா’.

“அந்த மேஜையில உக்காரறதுக்குத்தான் நாங்க அவனுக்கு ரெண்டு வருஷமா சம்பளம் குடுக்கறோம்.”