சுண்டுவிரல்

தொண்ணூற்றாறில் பேர்ணடெற் ரொறன்ரோவில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்தாள். அவளுக்கு நிச்சயித்திருந்த றொய்சன், மன்னாரிலிருந்து வள்ளத்தில் இந்தியா போய், அங்கிருந்து கனடா வருவதாக இருந்தது.

பக்கத்து மெஷினில் தைத்த சீனத்துப் பெண் மெய்லின், சேரவேண்டிய இருவரின் சுண்டுவிரல்களைக் கண்ணுக்குத் தெரியாத சிவப்பு நூலொன்று பிணைத்திருக்கும், அது அறாது என்றாள். பேர்ணடெற் வெட்கத்துடன் சிரித்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவளுடைய சுண்டுவிரலிலிருந்து தண்ணீர் சொட்டி, தைத்துக்கொண்டிருந்த சட்டை நனைந்தது. துடைக்கத் துடைக்க ஊறியது. நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்புக்கரித்தது.

வெள்ளிக்கிழமை அவளுடைய அண்ணன் பஸ்ரியன் வேலையிடத்துக்கே வந்தான்.

"செவ்வாய்க்கிழமை வள்ளம் கவிண்டு கடலுக்குள்ள தாண்டுபோச்சாம், பிள்ளை. ஒருத்தரும் மிஞ்சேல்லை."

இரண்டு வருடம் கழித்து அவன் மெல்லக் கேட்டான்: "வேற மாப்பிள்ளை பாப்பமே?"

"அவர் இன்னும் விடேல்லை, அண்ணை."

அவள் கையை நீட்டினாள். பஸ்ரியன் அந்தச் சுண்டுவிரலைப் பிடித்தான். மெல்ல, விட்டு விட்டு, அது இழுபட்டது.