மாமன் சீர் வந்த கார்

திருச்சுழி மண்டபத்து வாசலுக்கு நாற்பதடி முன்னால், சீர்த்தட்டுகளோடு அசையாமல் நிற்கிறது சோணைமுத்துவின் கார். தங்கச்சி மகளுக்கு இன்று சடங்கு. தாய்மாமன் சொந்தக் காரில்தான் வந்து இறங்குவேன் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தவன், டீசல் முள்ளைப் பார்க்க மறந்துவிட்டான். கேனில் வாங்கி வந்து ஊற்றியும், சாவியைத் திருப்பத் திருப்ப வண்டி இருமுகிறதே தவிரக் கிளம்பவில்லை. மேளக்காரர்கள் குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறார்கள். தட்டுகளை மூடிய கண்ணாடித்தாளில் வெயில் பட்டுக் கண் கூசுகிறது. பட்டுச்சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு தங்கச்சி சுகந்தியே வந்துவிட்டாள். "லைன்ல காத்து புடிச்சிருக்கும்ணே. பானெட்டத் தொற." புருஷன் வீட்டு டிராக்டரோடு மல்லுக்கட்டிக் கற்ற கை. பிசுக்கேறிய ரப்பர் பம்பை மருதாணி விரல்களால் அமுக்குகிறாள். அமுக்க அமுக்கக் காற்று வெளியேறி, டீசல் நிறைந்து அது கல்லாக இறுகுகிறது. கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஸ்கூட்டி ஓட்டிப் பழகிய அன்று, "பொட்டச்சிக்கு என்னடி வண்டி?" என்று நடுத்தெருவில் அறைந்தவன் சோணைமுத்து. "இப்ப ஸ்டார்ட் பண்ணுண்ணே." ஒரே திருப்பில் பிடித்துக்கொள்கிறது. நீயே ஓட்டு ஆத்தா என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழுகிறது, சொல்ல முடியவில்லை. "நீ மெதுவா ஓட்டிட்டு வாண்ணே. நான் முன்னாடி போயி ஆரத்தியோட நிக்கேன். மாமன் சீரு வருதுன்னு சொல்லணும்ல." மேளம் மறுபடி முழங்குகிறது. வாசலில் இறங்கியவன் தலையை நிமிர்த்தவில்லை. "நிமிருண்ணே, எல்லாரும் பாக்காக." நெற்றியில் பொட்டு வைக்க வரும் அவள் விரலில் டீசல் மணக்கிறது.