கூடப் பாடக் கூடாது

கிட்ட வந்து உட்காருங்க, இது உரக்கச் சொல்ற கதை இல்லை.

சவுண்டுக்காரருக்கு மாமியார் மேல் அன்று வந்த கோபம், கல்யாணமான நாள்முதல் வந்ததில்லை.

அந்தக் காலத்துப் பாடகியம்மா ரொம்ப வருஷம் கழித்து மேடை ஏறுகிறார். "கிழடுகட்டைங்களை நம்பி யாருங்க ரெக்கார்டு போடுவா?" என்ற பாட்டுக் கம்பெனி மேனேஜரிடம் மன்றாடியவர் சவுண்டுக்காரர்தான். "கச்சேரியை அப்படியே பதிவு பண்றேன் சார். கேட்டுட்டு முடிவு பண்ணுங்க."

அரங்கம் முழுக்க நரைத்த தலைகள். முதல் வரிசையில், ஒத்திகைக்கே மாப்பிள்ளையோடு வேனில் வந்து இறங்கிவிட்ட மாமியார்.

"அத்தை, யாரும் கூடப் பாடக் கூடாது. பதிவு கெட்டுடும்."

"வாயைத் தைச்சுக்கிறோம் மாப்பிள்ளை."

சொன்ன கையோடு கைத்தடியை ஊன்றிக்கொண்டு வரிசை வரிசையாகக் குனிந்து குசுகுசுவென்று பேச்சு. 'இங்கேயும் ஊர்வம்பா?' என்று பல்லைக் கடித்தார் சவுண்டுக்காரர்.

ஆனால் கச்சேரி ஆரம்பித்ததும் ஒரு இருமல்கூட இல்லை.

கடைசியாக அந்தப் பாட்டு. அடுப்படியிலும் பஸ்ஸிலும் தொட்டில் பக்கத்திலும் அவர்கள் பாதி ஆயுசு முணுமுணுத்த பாட்டு. சரணத்தில் குரல் விறுவிறுவென்று உச்சிக்கு ஏறும் இடம் வந்தது.

டொக்! மாமியாரின் கைத்தடி தரையைத் தட்டியது.

அவ்வளவுதான். மொத்த அரங்கமும் தொண்டையைத் திறந்தது. சுருதியாவது தாளமாவது! கூரை பிய்த்துக்கொண்டு போகும்போல ஒரு பாட்டு. அந்த இடம் தாண்டியதும் மறுபடி கப்சிப்.

முடிந்ததும், கேட்க வந்திருந்த மேனேஜர் சவுண்டு மேஜைக்கு வந்து எகிறினார். "உச்சியில அம்மா குரலே கேக்கலையே! யாருங்க ஆரம்பிச்சது?"

"நான்தான் தம்பி. வயசாச்சா, பாட்டைக் கேட்டா வாய் நிக்க மாட்டேங்குது."

பக்கத்தில் நின்ற பாடகியம்மா, கையிலிருந்த தண்ணீர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூட்டத்துச் சத்தத்தை எடுத்துடுங்க. அம்மா குரல் மட்டும் போதும். இல்லேன்னா ரெக்கார்டு கிடையாது" என்றார் மேனேஜர்.

சவுண்டுக்காரர் ஹெட்போனை மாட்டி, அந்த இடத்தை மறுபடி ஓடவிட்டு, கூட்டத்துச் சத்தத்துக்கான விசையைக் கீழே இறக்கினார்.

பாடகியம்மாவின் குரல் ஏறியது. பாதியில் கிழிந்தது. அப்புறம் வெறும் மூச்சு.

மதியம் ஒத்திகையிலும் சரியாக அதே இடத்தில்தான், "சாயங்காலம் பாத்துக்கலாம்" என்று அந்த அம்மா நிறுத்தினார். அப்போது அரங்கில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது மாமியார் மட்டும்தான்.

சவுண்டுக்காரர் நிமிர்ந்து மாமியாரைப் பார்த்தார்.

"என்ன, வருதா? இங்க கொடுங்க, நான் கேக்குறேன்." மேனேஜர் கையை நீட்டினார்.

"தம்பி," என்று குறுக்கே வந்தார் மாமியார். "அதுல எங்க குரல் இருந்தா வீட்டுக்கு ஒண்ணு வாங்குவோம். பேரன் பேத்திக்கும் வாங்கிக் கொடுப்போம். எடுத்துட்டீங்கன்னா நாங்க எதுக்கு வாங்கப் போறோம்?"

நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. மேனேஜர் அரங்கத்து நரைத்த தலைகளை ஒரு சுற்று பார்த்தார்.

அவர் திரும்புவதற்குள், மாமியார் ஒற்றை விரலால் அந்த விசையை மேலே, முட்டும்வரை தள்ளிவிட்டார்.