சரணத்தில் ஒரு விம்மல்

குரோம்பேட்டை ரெக்கார்டிங் ஸ்டூடியோவில் அன்று காலையிலிருந்து ஏழு பெண்கள் விம்மிவிட்டார்கள்.

இசையமைப்பாளர் தசரதனின் புதுப்படத்துக்கு வாய்ஸ் டெஸ்ட். போன வருஷம் கேசட் கேசட்டாக விற்றுத் தீர்ந்த அவருடைய சோகப் பாட்டைத்தான் எல்லோரும் பாட வேண்டும். சரணத்தின் நடுவே வரும் அந்த ஒற்றை விம்மலுக்குத் தாம்பரம் தியேட்டரில் பெண்கள் அழுத அழுகையில் முன்வரிசை பெஞ்சுகள் மிதந்தன.

எட்டாவதாகச் சரசு பாடினாள். தேன்தான். ஆனால் விம்மவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து தசரதன் மைக்கில் கத்தினார். "விம்மல் எங்கம்மா?"

"அது மெட்டுல கிடையாதே, சார்."

"எனக்கே பாடம் எடுக்கறியா? மூணு நாள் பட்டினி கிடந்து போட்ட விம்மல் அது. விருது வாங்கின விம்மல்! அடுத்த ஆளை வரச்சொல்லுங்கப்பா!"

வாசலில் ஸ்கூட்டரோடு காத்திருந்த கணவன் பக்தவச்சலம் தலையில் அடித்துக்கொண்டான். "பத்து வருஷமா காத்திருந்து, படத்துல உன் குரல் வர ஒரு சான்ஸ். எல்லாரையும் மாதிரி விம்மிட்டு வர்றதுல உனக்கு இன்னா பேஜார்?"

"எப்படிங்க விம்மறது? பெரிய பாடகி கேட்டுப் பழகறதுக்காக அந்தப் பாட்டை முதல்ல பாடி வச்சதே நான்தான். சத்தம் வரும்னு ஏ.சி.யை நிறுத்திட்டாங்க. சரணத்துல தொண்டைக்குள்ள கொசு போயிடுச்சு. இன்னொரு தடவை பாடறேன்னேன். மாதிரிக்குத்தானே, போதும்னுட்டாங்க. அந்தம்மா கொசுவையும் சேர்த்து மனப்பாடம் பண்ணிட்டாங்க!"