செவ்வாய்க்கிழமைப் படம்

“செவ்வாய்க்கிழமை சரணாலயமே பூட்டிக் கிடக்கு, நீங்க எங்க கிளம்பிட்டீங்க?” என்று போன வாரம் மனைவி தெய்வானை கேட்டபோது, “மானுக்கு ஏது லீவு தாயே!” என்று சிரித்தான் வனக்காவலன் மாசிலாமணி. இன்று வன அலுவலகத்தில், காட்டில் கட்டியிருந்த கேமராக்கள் எடுத்த படங்களை விலங்குவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்த தெய்வானைக்குக் கை நின்றுவிட்டது. நீர்க்குட்டையோரம், அதே செவ்வாயன்று, மாசிலாமணி உட்கார்ந்திருந்தான். எதிரே இரண்டு டம்ளர்களில் டீ. படத்துக்கு வெளியே யாரையோ பார்த்து, பெண் பார்க்க வந்த அன்று சிரித்த அதே சிரிப்பு. படத்தை ‘மனிதர்’ என்ற கோப்புறையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவனிடம், வழியெல்லாம் சேர்த்துவைத்த கேள்வி ஒன்றும் வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து தொண்டையில் நின்றதுதான் வந்தது:

“என்னையும் ஒருநாள் காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போங்களேன்.”