பெயர் பொறிக்காத கிட்டார்

கணவர் இறந்த பிறகு, அவருடைய எலக்ட்ரிக் கிட்டாரை விற்பதா வைத்துக்கொள்வதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அதில் எங்கும் பெயர் இல்லை. என்ன கிட்டார் என்றாவது தெரியட்டும் என்று பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனாள்.

அவர் ஒலிபெருக்கியில் வயரைச் செருகிவிட்டு, கிட்டாரின் மேல்தகட்டைக் கழற்றினார். உள்ளே இருந்த, தந்தியின் அதிர்வை ஒலியாக்கும் காந்தச் சுருளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"ஜப்பான்ல செஞ்சதும்மா. அறுபதுகள்ல வந்திருக்கும். சின்னக் கம்பெனி, இருந்த இடம் தெரியாமப் போயிடுச்சு."

"எங்க வீட்டுக்காரருக்குன்னு இப்படித்தான் அமையும், பாருங்க!"

அவள் சொன்னது ஒலிபெருக்கியிலும் மெல்லக் கேட்டது. திடுக்கிட்டாள்.

"பயப்படாதீங்க. இந்தப் பழைய சுருளுக்குப் பாம்புச் செவி. பக்கத்துல பேசினாலே இழுத்துக்கும்."

அவர் திருகாணியைத் தேடிக் குனிந்தார். இருவரும் பேசவில்லை. ஒலிபெருக்கி ஒருமுறை செருமியது.

"குள்ளி, சாப்பிட்டியா?"

அவளை அப்படிக் கூப்பிட்டவர் உலகத்தில் ஒருவர்தான்.

பழுதுபார்ப்பவர் அவசரமாகச் சுவிட்சை அணைக்கக் கை நீட்டினார். அவள் தடுத்தாள். முக்காலியைக் கிட்டாருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னும் இல்லைங்க" என்றாள். "நீங்க?"